சுண்ணாம்புக் கோட்டு வீடு

நான் வரைபடம் வரைகிறவள். எழுபதுகளின் பின்பாதியில் புதுச்சேரியில் ஒரு பெண் டிராயிங் போர்டு முன்னால் நின்று வேலை செய்கிறாள் என்றால், அலுவலகத்துக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து ஒரு நிமிடம் வேடிக்கை பார்ப்பார்கள். நானும் சளைத்தவள் இல்லை, திருப்பி முறைப்பேன். எங்களுடையது சின்னப் பொறியியல் நிறுவனம். வடிகால், தண்ணீர்த் தொட்டி, மனைப்பிரிவு, குடியிருப்பு என்று எது வந்தாலும் அளந்து, கணக்குப் போட்டு, வரைந்து கொடுப்போம். படங்களுக்கு நகலாக அம்மோனியா பிரிண்ட் எடுக்கும் நாளில் கட்டடம் முழுக்க நெடி மூக்கைத் துளைக்கும். தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலில் மட்டும் நடையை எட்டிப் போடுவார்கள்.

நிறுவனத்தை நடத்திய பொறியாளரை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். பிரான்சில் படித்தவர். பழைய ஆட்கள் மரியாதைக்குச் சொல்லும் அந்தப் பிரெஞ்சுச் சொல் அவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. சாது. குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடித்த பிடியை விட மாட்டார்: வாழப்போகிறவர்களைக் கேட்காமல் வீட்டை முடிவு செய்யக் கூடாது. கூட்டம் கூட்டிப் படத்தை விரித்துக் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"காகிதத்தக் காட்டினா எல்லாரும் தலையாட்டுவாங்க. நம்மள சீக்கிரம் அனுப்பி வைக்க அது ஒரு வழி" என்பார்.

அதனால் அவரே ஒரு முறை வைத்திருந்தார். படத்தில் இருக்கும் வீட்டை, முழு அளவில், அந்த மண்ணிலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிடுவார். சுவர் வரும் இடத்தில் கோடு, வாசல் வரும் இடத்தில் இடைவெளி. பிறகு குடும்பத்தோடு வந்து உள்ளே நடந்து பார்க்கச் சொல்வார். அவர்கள் சொல்வதை வைத்து நான் படத்தைத் திருத்த வேண்டும். திருத்துவது என்றால், டிரேசிங் தாளில் காய்ந்துபோன மையைப் பாதி பிளேடால் சுரண்டி எடுப்பது. தாள் கிழியாமல் சுரண்டத் தெரிந்தவளுக்குத்தான் அங்கே மதிப்பு. அவர் காதில் விழாதபோது அவரைச் சுண்ணாம்பு முசே என்போம்.

உழவர்கரைப் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளர்களின் கூரை வீடுகள் ஒரு கோடையில் வரிசையாக எரிந்துபோயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாய், பானை, துணிமணி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் குடும்பங்கள் சாலை ஓரத்தில் ஓலைத் தடுப்பு கட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்திலேயே வெறுமனே கிடந்த ஒரு பெரிய மனையை அவர்களுக்கு விட்டுவிடுவதாக அதன் சொந்தக்காரக் குடும்பத்துப் பெரியவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கட்டுவதற்கு அரசாங்க உதவி கிடைக்கும் என்று பேச்சு. வரைபடத்தை நாங்கள் செய்து தருகிறோம் என்று முசே தானாகப் போய் ஏற்றுக்கொண்டார். பெண்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

அங்கேதான், அண்ணன், அக்கா என்று நான் கூப்பிட்ட அந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தேன். அண்ணன் ஆலையில் பஞ்சு அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கும் நிலைக்கு வந்து, வேலையிலிருந்து நின்றுவிட்டவர். பிள்ளை கிடையாது. அக்கா வயல்வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போய் அவரைப் பார்த்துக்கொண்டாள். வாய் ஓயாத பெண். நான் அளக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் முக்கியமாக என்ன வேண்டும் என்று கேட்டபோது அண்ணன் முந்திக்கொண்டார்.

"பாப்பா, எனக்கு வூடு பெருசா வாணாம். எங்கப்பன் மில்லு கேட்டாண்ட செத்தாரு. எங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல. என்னையாவது சொந்த வூட்டு வாசப்படி வழியா தூக்கிட்டுப் போவணும். அதுக்குள்ள கட்டிடுவீங்களா?"

"வாய மூடுய்யா!" என்று அக்கா சீறினாள். "வூடு கட்டற நேரத்துல இன்னா பேச்சு பேசற? நீ எழுதாத பாப்பா. அடுப்பாண்ட ஒரு சன்னல் வேணும், அத எழுது."

நான் சன்னலை எழுதினேன். ஆனால் அவர் சொன்னது எனக்குள் நன்றாகவே இறங்கியது. எங்கள் அப்பா வாடகைப் போர்ஷனில்தான் இறந்தார். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். கல்யாணம் வைத்திருக்கிறோம், முன்வாசல் வழியாக மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் கையைக் கூப்பிக் கேட்டார். குப்பை எடுக்க வருகிற கொல்லைச் சந்து வழியாக அப்பாவைக் கொண்டுபோனோம். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த அண்ணனின் வீடு எழும்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் என் அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

கோடு போடும் நாளுக்கு அவர்களாகவே நல்ல நேரம் பார்த்துச் சொன்னார்கள். எங்களுக்கு அது வெறும் சோதனை. அவர்களுக்கு அப்படி இல்லை என்பது போய் இறங்கியதும் தெரிந்தது. பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். எங்கள் மேஸ்திரி முளை அடித்து, கயிறு கட்டிச் சுண்ணாம்பு போட்டு முடிக்க முடிக்க, ஒவ்வொரு வாசல் இடைவெளிக்கு முன்னாலும் ஒரு கோலம் விழுந்தது.

வீடு எல்லோருக்கும் ஒரே அச்சு. முன்னறை, பின்னால் சமையல் இடம். குளிக்கும் அறையைத் தெருப்பக்க மூலையில் வைத்திருந்தோம், கழிவுநீர் நேரே தெரு வாய்க்காலில் சேர்வதற்காக. அதனால் வாசலில் நுழைந்ததும் ஒரு சின்ன நடை, குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு திருப்பம், அதற்கப்புறம்தான் முன்னறை. பெண்களுக்கு அந்தத் திருப்பம் ரொம்பப் பிடித்துவிட்டது. தெருவில் நிற்கிறவன் கண் வீட்டுக்குள் போகாதே!

நான் அளவுக் குச்சியை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குள் குறுக்கே கால் வைத்தேன்.

"இன்னா பாப்பா, செவுத்தப் பொளந்துகிட்டு வர்ற? வாசப்படி அந்தப் பக்கம் இருக்குது" என்றாள்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் அசடு வழிந்துகொண்டு வெளியே போய், சுற்றி வந்து, வாசல் வழியாக நடையில் திரும்பி உள்ளே போனேன். அன்றைக்கு அதற்கப்புறம் ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை. மேஸ்திரிகூடச் சுண்ணாம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகத்தான் போய் வந்தார்.

முசே பொறுமையாக ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். அம்மி எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, சாமி படம் எந்தச் சுவரில், விருந்தாளி வந்தால் யார் எங்கே படுப்பது. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணுக்கு எந்த மூலை என்றுகூடக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அடுப்பாண்டை சன்னல் கொஞ்சம் நகர்ந்தது, சாமி மூலை இடம் மாறியது. சாவைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை, அவர்களும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் பூசிக் கோலம் போட்டு நிற்கும் பெண்களிடம் அதை எந்த மனிதர் கேட்பார்?

அண்ணனைப் பாய் போட்டு முன்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாருக்குது முசே. சாஞ்சுக்கத்தான் செவுரு இல்ல" என்றார். "கட்டினதும் மொதல்ல இங்கதான் சாஞ்சு உக்காருவேன்."

அக்கா எங்கிருந்தோ மூன்று செங்கல்லைக் கொண்டுவந்தாள். சமையல் இடத்துக் கோடுகளுக்கு நடுவில் அடுப்புக் கூட்டி, சின்னப் பானையில் பாலை ஏற்றினாள். முசே பதறிப்போனார்.

"அம்மா, இது வெறும் அடையாளம். இன்னும் எடமே கைக்கு வரல. இப்பவே பால் காய்ச்சினா எப்படி?"

"அவரு மூச்ச பாத்தீங்களா முசே?" என்று மெதுவாக, அண்ணனுக்குக் கேட்காதபடி சொன்னாள் அக்கா. "நீங்க கட்டறப்ப கட்டுங்க. நான் இன்னிக்குக் குடி வந்துடறேன்."

பால் பொங்கி வழிந்தது. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். முசேவுக்கும் எனக்கும் ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிப் பால் கொடுத்தாள். ஜீப்பில் ஏறித் திரும்பினோம். அலுவலக வாசலில் இறங்கும்போது முசே, "நாம படத்தக் காட்டினோம், அவங்க வீட்டப் பாத்துட்டாங்க" என்றார். அவருடைய முறையில் அவருக்கே பயம் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பயந்தபடியே ஆயிற்று. நிலத்துக்குப் பங்காளிகள் பல பேர். அதில் ஒருவர் குடும்பத்தோடு பிரான்சில் குடியேறியவர். அவருடைய கையெழுத்து வர வேண்டும். அது வரவில்லை. பெரியவரோ படுத்த படுக்கையாகிவிட்டார், அவருடைய வாய்வார்த்தைக்கு வீட்டில் மதிப்பும் போய்விட்டது. முசே அங்கும் இங்கும் நடந்தார், பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பார்த்தார். நாளைக்கு, அடுத்த வாரம், பண்டிகை போகட்டும் என்று பதில்கள் வந்தன. அக்கா அவ்வப்போது சித்தாள் வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள். நான் தண்ணீர் கொடுப்பேன். எப்போது என்று கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், அதிலேயே தெரிந்துகொண்டு எழுந்து போவாள். எனக்கு எரிச்சலாக வரும். கத்திவிட்டுப் போனால்கூட நிம்மதியாக இருக்கும் என்று தோன்றும்.

மழை வந்தது, கோடுகள் கரைந்தன. மற்ற குடும்பங்கள் மெல்லக் கலைய ஆரம்பித்தன. சிலர் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் வேலை தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வாடகைக்குப் போனார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு மழைக்கும் பிறகு தன் வீட்டின் கோடுகளை மறுபடி போட்டாள். மேஸ்திரி அடித்த முளைகள் மண்ணில் அப்படியே இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, கோலம் போடுகிற விரல்களால் சுவர்களை இழுத்துவிடுவாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அண்ணனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வருவாள். வாசல் வழியாக நுழைந்து, நடையில் திரும்பி, முன்னறையில் அவரை உட்கார வைப்பாள். இருட்டும் வரை இருவரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நானும் முசேவும் போயிருந்தோம். சாலையில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்களை இழுத்து வைத்து அறைய வேண்டும் போல இருந்தது. முசே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அண்ணன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"இன்னும் செவுரு மட்டுந்தான் எழும்பல முசே" என்றார் அண்ணன், அவரைத் தேற்றுவது போல.

மாசி முடியும் முன்னே, மூச்சு முட்டிச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணன் இறந்துபோனார். காலையில் உயிர் போயிற்று, எங்களுக்கு மதியம்தான் தெரிந்தது. மேஸ்திரி வந்து அலுவலக வாசலில் நின்று சொன்னார். நாங்கள் ஓலைத் தடுப்புக்குத்தான் போனோம். அங்கே யாரும் இல்லை. மனையைப் பார்த்தால் அங்கே கூட்டம். அக்கா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

முன்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கோடுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அன்று விடிகாலையில்தான் புதிதாகப் போட்டாளாம், சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிடலாம் என்ற நினைப்பில். மேட்டுப்பாளையத்துக்குப் போனவர்கள், ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள், அக்காவின் தம்பியோடு வீராம்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், எல்லோரும் வந்திருந்தார்கள். சுற்றிலும் வெட்டவெளி. எந்தப் பக்கத்திலிருந்தும் நாலு எட்டு வைத்தால் அண்ணனின் காலடிக்குப் போய்விடலாம். ஒருவர் போகவில்லை. கையில் மாலையோடு வாசல் இடைவெளிக்கு முன்னால் வரிசையாகக் காத்திருந்தார்கள். உள்ளே போனவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் போனார், நடையில் இரண்டு பேர் உரசிக்கொள்ளாமல் போக முடியாதே. நானும் அந்த வரிசையில் நின்றேன். என் அப்பாவைக் கொல்லைச் சந்தில் கொண்டுபோனதை நினைத்து, யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் இல்லாமல் அழுதேன்.

தூக்குகிற நேரம் வந்தது. பாடை தெருவில் தயாராக இருந்தது. நாலு பேர் பெஞ்சோடு அண்ணனைத் தூக்கினார்கள். முன்னறையிலிருந்து நடைக்குள் நுழைந்தார்கள். அந்தத் திருப்பத்தில் பெஞ்சு நின்றுவிட்டது. நீளமான பெஞ்சு, இடுக்கான நடை. முன்னால் பிடித்தவர்கள் வாசலுக்கு நேரே திரும்பினால், பின்னால் பிடித்தவர்கள் குளியலறைச் சுவரின் மேல் கால் வைத்தாக வேண்டும். பின்னுக்கு வந்து மறுபடி முயன்றார்கள். சாய்த்துப் பார்த்தார்கள், உயர்த்திப் பார்த்தார்கள்.

"செவுரு, செவுரு, பாத்து" என்று யாரோ ஒருவர் குரல் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. மேளம் நின்றுவிட்டது. அந்த நாலு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. வெறும் மண்ணில் கிடக்கும் வெள்ளைக் கோடு. அதை மிதித்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அக்கா தலைவிரிகோலமாக வாசலுக்கு வெளியே நின்று அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முசே வரிசையை விலக்கிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டையும் காற்சட்டையுமாக மண்ணில் மண்டி போட்டார். குளியலறைச் சுவரின் மூலையை இரண்டு உள்ளங்கைகளாலும் தேய்த்து அழித்தார். கோடு கலைந்து மண் மட்டும் தெரியும் வரை தேய்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே ஒதுங்கி, "இப்ப வாங்க" என்றார்.

பெஞ்சு திரும்பியது. அண்ணன் தன் வீட்டு வாசல் வழியாக வெளியே போனார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அன்று மாலை முசே என் போர்டுக்கு வந்து அந்த வீட்டின் டிரேசிங்கை எடுக்கச் சொன்னார். பிளேடைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவருக்குச் சுரண்டத் தெரியாது, இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தார். குளியலறையை எடுத்துக் கொல்லைப்பக்கம் தள்ளி, நடையை நேராக்கச் சொன்னார். அந்த வீடுகள் வரப்போவதில்லை என்பது அன்றைக்கு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மை ஊற்றி வரைந்து கொடுத்தேன். தாளில் அவர் கிழித்த இடத்தைப் பின்னாலிருந்து ஒட்டினேன்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கோடை மழை ஒன்று பெய்திருந்தது. மனையில் ஒரு கோடும் இல்லை. முளைகளையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள். அக்கா தம்பியோடு புறப்படத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கையெழுத்து வந்தாலும் வரலாம், அவசரப்பட வேண்டாம் என்று நான் ஏதோ சொன்னேன். எனக்கே அது பொய்யாகத்தான் பட்டது.

"கோடு போடலியாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பாப்பா? அந்த வூட்ட நாங்க காலி பண்ணிட்டோம்" என்றாள்.

நான் அழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் கன்னத்தைத் தட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அந்த மனையில் பின்னால் ஒரு மரக்கிடங்கு வந்தது.

எண்பதுகளில் எங்களுக்கு வேலை பெருகியது. பல குடியிருப்புகளுக்குப் படம் போட்டோம், சில கட்டியும் முடிந்தன. முசே சுண்ணாம்புக் கோட்டை விடவில்லை. கோலமும் பூவும் எல்லா இடத்திலும் வந்தன. ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது. கடைசியில், எல்லோரும் நடந்து பார்த்து முடித்த பிறகு, ஜீப்பில் கொண்டுவந்திருக்கும் நீளமான பெஞ்சு ஒன்றை இறக்கச் சொல்வார். நாலு ஆட்களை விட்டு அதை முன்னறையிலிருந்து வாசல் வழியாகத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார். ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கும். எங்காவது இடித்தால் என்னைப் பார்ப்பார், நான் குறித்துக்கொள்வேன்.

ஒரு இடத்தில், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த சின்னப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது எதுக்கு முசே?"

"பீரோ வாங்குவீங்க இல்ல? உள்ள கொண்டாற வழி வேணாமா?" என்றார் முசே.

"எங்க வூட்டுக்கு ஏது முசே பீரோ!" என்றாள் அவள், முகமெல்லாம் சந்தோஷமாக.

முசேவும் சிரித்தார். பெஞ்சு எங்கும் இடிக்காமல் தெருவுக்கு வந்து சேரும் வரை அவர் அதன் பின்னாலேயே நடந்து வந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.